நீ ஏன்டா இப்போ வலது பக்கம் நிக்கறே

தம்பி,

வாட்சாப்ல நீளமா போட்டா மேல ரெண்டு வரி படிச்சுட்டு ஒரு கும்பிடு அனுப்பிட்டுப் போயிடுவே, அதான் மெயில்ல அடிக்கறேன். சாப்பாடு ஒழுங்கா சாப்பிடறியா? அந்த சின்ன ரைஸ் குக்கர பெட்டியிலேருந்து வெளிய எடுத்தியா இல்லையா? இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். அப்பாவுக்கு சுகர் பரவால்ல. மாடியில ஒழுகற இடத்த ஆள் வந்து பூசிட்டுப் போயிட்டான், மழை வந்தாதான் லட்சணம் தெரியும். குட்டிக்கு ஆபீஸ் மாறிடுச்சு, இனிமே பெருங்குடி வரைக்கும் போகணுமாம். நியூஸ் அவ்வளவுதான்.

தோள்பட்டை எப்படி இருக்கு?

ஏன் கேக்கறேன்னா போன வாரம் உன் டென்னிஸ் மேட்ச போன்ல பாத்தேன். பெரிய டூருக்கு ஒரு படி கீழ இருக்கற சேலஞ்சர் மேட்ச் எல்லாம் இப்ப ஓசியிலயே காட்டறாங்களே, ஒரே ஒரு கேமரா, பந்து சத்தமும் அம்பயர் சத்தமும் மட்டும்தான், அதுல நீ எறும்பு சைஸ்ல தெரியறே, ஆனா வலது பக்கம் நிக்கறே. கண்ணாடிய துடைச்சுட்டு மறுபடி பாத்தேன், வலது பக்கம்தான். பதினாலு வயசுலேருந்து டபுள்ஸ்னா நீ இடது பக்கம், உன் அட்வான்டேஜ் சைடு, ஓரமா வைட் சர்வ் வந்தா பேக்ஹேண்ட்ல குறுக்க அடிச்சு நெட்ல நிக்கறவன் உயிர வாங்குவே. அதுலயும் டியூஸ், அதான் 40-40, ஆனா ஒரே பாயிண்ட்ல கேம் முடிஞ்சுடும், எந்தப் பக்கம் ரிசீவ் பண்றதுன்னு நீங்கதான் சொல்லணும், அப்போ பாக்காமலே நீ முன்னால வந்து நிப்பே. இப்ப வைட் சர்வ் வந்தா ஃபோர்ஹேண்ட எட்டி எட்டி நீட்டறே. அந்தத் தோள வெச்சுக்கிட்டு இப்படி நீட்டலாமா? அப்பாகிட்ட காட்டினா ஏதோ ட்ரை பண்றான் விடுன்னாரு. புதுசா கூட ஆடற பையனும் இடது பக்கம்தான் ஆடுவானாமே. அவனுக்காக நீ மாறினியா இல்ல தோளுக்காக மாறினியா? சொல்லணும்னு இல்ல, சும்மா கேட்டேன். ஐஸ் மட்டும் விடாம வை.

யார் யார் கூட மோதறாங்கன்னு போடற டிரா ஷீட் பாக்கறத நிறுத்துன்னு நீ சொல்லியிருக்கே, ஆனா பாக்காம எப்படி இருக்கறது. கொஞ்ச வாரமா உன் பேருக்குப் பக்கத்துல வேற வேற பேரு வருது. எப்பவும் உன் கூட ஆடின அந்த இன்னொரு பேரு வேற ஊர் டிராவுல வேற யார் பக்கத்துலயோ இருக்கு. அத நான் இங்க எழுதல. நம்ம வீட்டு மீன் கொழம்ப என்னைவிட அதிகமா அவன்தான் சாப்பிட்டிருப்பான். அவங்க அம்மா தீபாவளிக்கு எப்பவும் காலையிலயே போன் பண்ணிடுவாங்க, இந்த வருஷம் மெசேஜோட சரி, நானும் மெசேஜோட விட்டுட்டேன்.

எனக்கு இதெல்லாம் தெரியாதுன்னு நெனைக்காதே. டபுள்ஸ்ல ஒரு டோர்னமென்டுக்கு உள்ள போகணும்னா ரெண்டு பேர் ரேங்கையும் கூட்டிதான் பாப்பாங்க. சேலஞ்சர்ல பதினாறு ஜோடி, அதுக்குள்ள உங்க நம்பர் வந்தா உள்ள, இல்லன்னா அல்டர்னேட்னு எழுதி வெச்சுட்டு யாருக்காவது காய்ச்சல் வருமான்னு டோர்னமென்ட் ஆபீஸ் வாசல்ல உக்காந்திருக்கணும். அவன் நம்பரோட உன் நம்பர் சேந்து வந்தது வேற, இப்ப வர்ற கூட்டல் வேற. ரெண்டு பேரும் சேந்து எடுத்த ரேங்க் பாயிண்ட் ஆளுக்கு ஆள் தனியா நிக்கும், அதுவும் 52 வாரத்துக்குதான், அப்புறம் வாரா வாரம் உதிர ஆரம்பிக்கும். உனக்கு ஜூன்ல நிறைய உதிரும்னு அப்பா காலண்டர்ல பென்சில்ல குறிச்சு வெச்சிருக்காரு, ஏன் குறிச்சீங்கன்னு நான் கேக்கல, அவரும் சொல்லல.

உன் மாமா போன வாரம் வந்திருந்தாரு. இன்னும் அதே பழைய கேள்விதான், 15,000 டாலர் டோர்னமென்ட்னா பதினஞ்சாயிரமும் பையனுக்குத்தானேன்னு. அது மொத்த சிங்கிள்ஸ் டபுள்ஸ் எல்லாத்துக்கும் சேத்து, அதுல டபுள்ஸுக்கு வர்றது ஒரு துளி, அதையும் ரெண்டு பேர் பாதி பாதியா பிரிக்கணும், டாக்ஸ் புடிக்கணும், ராக்கெட் ஸ்ட்ரிங்குக்கே சரியா போயிடும்னு சொன்னேன். அப்ப எதுக்கு ஆடறான்னாரு. நீங்க முப்பது வருஷம் ஆபீஸ் போனீங்களே எதுக்குன்னு கேட்டுட்டேன். அத்தை சிரிச்சுட்டாங்க, அவரு காபி கூட முழுசா குடிக்கல. சிங்கிள்ஸ நீ விட்டப்ப நான் எவ்வளவு திட்டினேன்னு உனக்குத் தெரியும். ஆனா வெளியாள் வந்து பேசினா எனக்குப் பொறுக்காது, அது வேற.

2011 ஜனவரியில நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்துல பயஸும் பூபதியும் திரும்ப சேந்து ஆடி சென்னை ஓபன் ஜெயிச்சாங்களே, நீயும் அவனும் கத்தின கத்துல முன்வரிசையில இருந்தவர் திரும்பிப் பாத்து மொறைச்சாரு. 1999ல நாலு கிராண்ட்ஸ்லாம் ஃபைனலுக்கும் போய் பிரெஞ்ச், விம்பிள்டன் ரெண்டையும் ஜெயிச்ச ஜோடி, அப்புறம் பேசாம கொள்ளாம எத்தனையோ வருஷம், அப்புறமும் சேந்தாங்க. அந்த மாசமே ஆஸ்திரேலியாவுல ஃபைனல் வரைக்கும் போய் பிரையன் அண்ணன் தம்பிகிட்ட தோத்தாங்க. வருஷம் முடியறதுக்குள்ள மறுபடி பிரிஞ்சுட்டாங்க, அதனால இத நல்ல உதாரணம்னு நான் சொல்ல வரல. போபண்ணாவ பாரு, 43 வயசுல ஆஸ்திரேலியாக்காரர் எப்டனோட ஆடி ஆஸ்திரேலியன் ஓபன் ஜெயிச்சு உலக நம்பர் ஒன் ஆனாரு. அதுக்கு முன்னாடி அவர் எத்தனை பேர் கூட ஆடினாருன்னு அப்பா எண்ண ஆரம்பிச்சு பாதியில விட்டுட்டாரு. 2024ல நம்ம சென்னை பசங்க ஜீவனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் சீனாவுல ஹாங்சோவுல டபுள்ஸ் ஜெயிச்சப்ப நீயே எனக்கு போன் பண்ணி சொன்னே, முப்பது தாண்டினா முடிஞ்சுதுன்னு எவன் சொன்னான்மான்னு. அந்த மாதிரி போன் எல்லாம் இப்ப வர்றதே இல்ல.

தனியா ரூம்ல உக்காராதே. முன்னாடி ரெண்டு பேரா இருந்தீங்க, ஒருத்தன் தோத்து மூஞ்ச தூக்கி வெச்சா இன்னொருத்தன் இழுத்துக்கிட்டு சாப்பிடப் போவான். இப்ப தோத்தா யார் கூட சாப்பிடறே? ரூம் வாடகை முழுசா நீயே குடுக்கறியா? காசு வேணும்னா கேளு, அப்பாகிட்ட கேக்கக் கூச்சமா இருந்தா குட்டிகிட்ட சொல்லு. தோளுக்கு ஐஸ் வை. ஐஸ் வெச்சப்புறம் சூடு குடுக்கணும்னு அந்த அண்ணா நகர் பிசியோ சொன்னாரே, அதையும் மறக்காதே.

அந்தப் புதுப் பையன் நல்லவனாதான் தெரியறான், ஆனா பாயிண்ட் முடிஞ்சா நீங்க ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டேங்கறீங்க. அவன் நெட்ல நின்னு முதுகுக்குப் பின்னால விரல காட்டறான், நீ தலையாட்டறே, சர்வ் போடறே, அவன் ஒரு பக்கம் போறான், பந்து வேற பக்கம் வருது. முன்னாடி நீங்க பாயிண்டுக்குப் பாயிண்ட் வாயப் பொத்திக்கிட்டு குசுகுசுன்னு பேசி சிரிப்பீங்க, அம்பயரே டைம் டைம்னு கத்துவாரு.

எதுக்குடா பிரிஞ்சீங்க? யார் சொன்னது, நீயா அவனா? பணத்துலயா, இல்ல அந்தக் கோயம்புத்தூர் விஷயமா? அதுவா இருந்தா அது முடிஞ்சுபோச்சுன்னு ரெண்டு பேரும் என் முன்னாடிதானே சொன்னீங்க.

இத அழிச்சுட்டுதான் அனுப்பணும்னு இருந்தேன், குட்டி படிச்சுட்டு இருக்கட்டும் விடும்மான்னா.

கீழ் வீட்டு மாமி பையன் வர்ற 18ஆம் தேதி ஜெர்மனி திரும்பறான், ரெண்டு பாட்டில் எண்ணெய் எடுத்துட்டுப் போறேன்னான், கூரியர்ல எண்ணெய்னு சொன்னாலே வாங்க மாட்டேங்கறான். நீ அப்போ எந்த ஊர்ல இருப்பேன்னு சொல்லு, உள்ளூர்லயே போஸ்ட்ல போட்டுடுவான். பருப்புப்பொடியும் வைக்கட்டுமா, ஊறுகாயா? ஒண்ணுதான் வைக்க முடியும், அவனுக்கும் வெயிட் இருக்கு.

அம்மா