ஆறு மணிப் பக்கம் பார்!

அன்புள்ள ரங்கா,

கடிதம் கிடைத்தது. காது மெஷின் மாட்டியதிலிருந்து வீட்டில் எல்லோரும் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தாய். படித்துச் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நானும் பத்து நாளாகத் தகர டப்பாக் குரலோடுதான் குடித்தனம் நடத்துகிறேன்.

பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றார்கள். வெயில் வந்துவிட்டால் நியூ ஜெர்சியில் சனிக்கிழமைதோறும் இதுதான். அங்கே ஒரு அட்டைப்பெட்டியில் மாட்டல் கம்பெனியின் இன்டெலிவிஷன் என்ற, டிவியில் மாட்டி ஆடும் பழைய வீடியோ கேம் பெட்டி, அதன் பக்கவாட்டில் செருகுகிற இன்டெலிவாய்ஸ் என்ற பேசும் பெட்டி, கூடவே இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானமான பி-17ஐ வைத்துச் செய்த 'பி-17 பாம்பர்' ஆட்டத்தின் கார்ட்ரிட்ஜ். பேசும் பெட்டியும் இந்த ஆட்டமும் 1982இல் வந்தவை. பேரம் பேசி நாற்பது டாலருக்கு அள்ளிக்கொண்டு வந்தேன். கராஜில் தூசி படிந்து கிடந்த பழைய டிவிக்கும் ஒருவழியாக வேலை வந்தது.

சுவிட்சைப் போட்டதும் 'மாட்டல் எலக்ட்ரானிக்ஸ் பிரசென்ட்ஸ்' என்று ஒரு கரகரப்பு. அப்புறம் அமெரிக்கத் தென்மாநிலத்துக்காரர் இழுத்துப் பேசுவதுபோல 'பி செவன்டீன் பாஆஆமர்' என்று ஒரு ராகம். எத்தனை தடவை கேட்டாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

நீயும் நானும் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள், அதனால் இது உனக்குப் பிடிக்கும். ஒருவர் பேசுவதை அப்படியே பதிந்துவைக்க அந்தக் காலத்து மெமரியில் இடம் ஏது? பேசும் பெட்டிக்குள் இருக்கும் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனியின் எஸ்பி0256 சிப், ரீங்காரம் ஒன்று, சீறல் ஒன்று என இரண்டே ஒலிகளை உண்டாக்கி, தொண்டையும் வாயும் செய்கிற வேலையை ஒரு டிஜிட்டல் ஃபில்டரை வைத்துச் செய்கிறது. நிஜ ஆள் பேசியதை அலசி எடுத்த எண்கள்தான் அந்த ஃபில்டரை நொடிக்கு நொடி மாற்றுகின்றன. அதுதான் அந்தத் தகரச் சத்தம்.

சரி, பேசுகிறது, அதனால் என்ன என்று கேட்பாய். நானும் முதல் நாள் இதை வெறும் வித்தை என்றுதான் நினைத்தேன். ஆடிப் பார்த்தால்தான் தெரிகிறது, வேறு எந்த ஆட்டத்தையும்விடக் குரல் தேவைப்படுவது இதற்குத்தான். நிஜ பி-17இல் பத்துப் பேர், முன்னே, பின்னே, மேலே, வயிற்றடியில் என்று ஆளுக்கு ஒரு மூலை, ஒருவர் பார்ப்பது இன்னொருவருக்குத் தெரியாது, இன்டர்போனில் கத்தினால்தான் உண்டு. திசையைக் கடிகார முகம்போல வைத்துச் சொல்வார்கள்: மூக்கு நேரே பன்னிரண்டு மணி, வால் பக்கம் ஆறு மணி. ஆட்டத்திலும் அப்படியே: டிவியில் ஒரு சமயத்தில் ஒரு பக்கம்தான் தெரியும். நான் குண்டு போடுகிற ஜன்னல் வழியே கீழே பார்த்துக்கொண்டிருப்பேன், திடீரென்று 'பேண்டிட்ஸ்! சிக்ஸ் ஓ'க்ளாக்!' (எதிரி விமானங்கள், ஆறு மணிப் பக்கம்!) என்று குரல் வரும், உடனே நம்பர் பட்டனைத் தட்டி வால் துப்பாக்கிக்கு ஓட வேண்டும். எந்த பட்டன் எதற்கு என்று காட்டும் பிளாஸ்டிக் அட்டை என் பெட்டியில் இல்லை, அதனால் பாதி நேரம் தவறான ஜன்னலைத் திறந்து வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விமானம் போய்விடுகிறது. இவள் சமையலறையிலிருந்து "ஆறு மணிக்கு யார் வர்றாங்க?" என்று கேட்கிறாள்.

கிளம்பும் முன்பே ஒரு கணக்கு உண்டு, ஐரோப்பா மேப்பில் இலக்கைப் பார்த்து எத்தனை குண்டு, எவ்வளவு பெட்ரோல் என்று நாமே ஏற்ற வேண்டும். பேராசைப்பட்டுக் குண்டை ஏற்றி, திரும்பிவரப் பெட்ரோல் இல்லாமல் இரண்டு தடவை கடலில் விழுந்தேன்.

ஒரு நாள் இரவு ஆட்டத்தை நிறுத்திவிட்டு நிஜ விமானங்களைப் பற்றிப் படித்தேன். 1943 அக்டோபர் 14, ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரத்து பால் பேரிங் தொழிற்சாலைகளைக் குறிவைத்து இங்கிலாந்திலிருந்து கிளம்பிய பி-17கள் 291, சுட்டு வீழ்த்தப்பட்டவை 60. அறுபதையும் பத்தால் பெருக்கிப் பார்த்துவிட்டு, அன்றைக்கு மறுபடி ஆடவில்லை. குண்டு விழுந்த பக்கத்தில் இருந்தவர்களுக்கு இந்த ஆட்டத்தில் குரலே கிடையாது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

இந்தக் குரல் பெட்டிக்கு அன்று வந்த ஆட்டங்கள் மொத்தமே ஐந்துதான். 1984 தொடக்கத்தில் மாட்டல் அந்தத் தொழிலையே மூடிவிட்டது.

உன் மெஷினை மறுபடி கொண்டுபோய் ட்யூன் செய்யச் சொன்னாயா? சத்தத்தைக் கூட்டினால் மட்டும் போதாது, எந்த அலைவரிசை உனக்குக் குறைவாகக் கேட்கிறது என்று பார்த்துத் திருத்தச் சொல். அடுத்த வாரம் போன் செய்கிறேன், இந்தக் குரலைப் போனில் போடுகிறேன். உன் வீட்டுக்காரர்கள் பேசுவது இதைவிடத் தெளிவாக இருக்கிறதா என்று நீயே சொல்லு.

அன்புடன்,
முரளி