ஈ ஓட்டும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

போன மாதம் உறவினர்கள் நடுவில், "இவள் ஐந்து வருடமாக ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறாள்" என்று நான் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டாய். அன்றிரவே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வழக்கமான வீம்பு, கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

பழ ஈயை வைத்துப் புற்றுநோயை ஆராயும் உன் ஆய்வேட்டின் வரைவை மேசைமேல் விட்டுப்போயிருந்தாய், படித்தேன். பாதி புரியவில்லை. புரிந்த பாதியில் என்னைப் பிடித்துக்கொண்டது அந்த முள்ளெலிதான். 1980-இல் நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட், வீஷாஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பழ ஈயின் புழுவுக்கு உடற்கண்டங்கள் எப்படி அமைகின்றன என்றுதான் தேடியிருக்கிறார்கள். ஒரு மரபணு கெட்டால் புழுவின் அடிப்புறமெல்லாம் முள் மண்டுகிறது. அதனால் அதற்கு ஹெட்ஜ்ஹாக், அதாவது முள்ளெலி, என்று பெயர். அதன் சமிக்ஞையைக் கட்டுக்குள் வைப்பது பேட்ச்டு என்ற இன்னொரு மரபணு. 1996-இல் பார்த்தால், மனிதருக்கு வரும் பேசல் செல் தோல் புற்றுநோயில் கெட்டுப்போயிருப்பது அதே பேட்ச்டு! காவல் போனதும், பெருகு பெருகு என்று செல்லுக்கு ஓயாமல் கட்டளை போகிறது. அதை இடையில் மறிக்கும் விஸ்மோடெகிப் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2012-இல். புழுவின் முள்ளிலிருந்து மாத்திரைக்கு வர 32 வருடம். நீ சேர்ந்த முதல் வருடமே "மருந்து எப்போது வரும்?" என்று நச்சரித்தவன் நான்.

ரெட் (RET) மரபணு பற்றிய அத்தியாயத்தில் முதலில் குழம்பினேன். தைராய்டு புற்றுநோய் என்கிறாய். ஈக்குத் தைராய்டே கிடையாதே? பிறகுதான் தந்திரம் விளங்கியது. கெட்ட ரெட் மரபணுவை ஈயின் கண்ணில் இயங்க வைக்கிறார்கள். ஈயின் ஒரு கண்ணுக்குள் இருக்கும் ஏறத்தாழ 800 சிறு கண்களின் வரிசை குலைந்து கண் சொரசொரப்பாகிறது. தீனியில் மருந்தைக் கலந்து கொடுத்தால் வரிசை திரும்புகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். கண் பழுதானாலும் குப்பிக்குள் ஈ பிழைத்துக்கொள்ளும் என்பதால்தான் கண்ணாம். எவனுக்குத் தோன்றியதோ, கெட்டிக்காரன். வாண்டெடானிப் அப்படி ஈயிலும் சோதிக்கப்பட்ட மருந்து என்று எழுதியிருக்கிறாய். 2011-இல் அது நோயாளிகளுக்கு வந்ததையும் அங்கேயே சேர்த்துவிடு.

ஆனாலும் நான் முழுதாகச் சரணடைந்துவிடவில்லை. ஈக்கு நம்மைப் போன்ற மூடிய ரத்தக் குழாய்கள் இல்லை. பழைய எதிரியை நினைவில் வைத்துத் தாக்கும் நம்முடைய வெள்ளணுப் படையும் இல்லை. அப்படியிருக்க, கட்டி பரவும் விதத்தை ஈயை வைத்து எவ்வளவு தூரம் சொல்லலாம்? மூன்றாம் அத்தியாயத்தில் அதை ஒரே வரியில் தாண்டிவிட்டாய். தேர்வாளர்கள் அங்கேதான் பிடிப்பார்கள். குறைந்தது இரண்டு பக்கம் எழுது.

எழுத்துப்பிழைகளைப் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன். 'குரோமோசோம்' மட்டும் நான்கு விதமாக வருகிறது. வரைவை நாளைத் தபாலில் அனுப்புகிறேன்.

அப்பா