சிக்கிமுக்கிச் சுவருக்குச் சிமென்ட் பகை

ஆசிரியருக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் பழைய உறைவிடப் பள்ளிகள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், வின்செஸ்டர் கல்லூரியின் 'சேம்பர் கோர்ட்' முற்றப் படத்தின் கீழே 'கருங்கல் கட்டடம்' என்று அச்சாகியிருக்கிறது. அங்குள்ள சுவர்களில் பெருமளவு சிக்கிமுக்கிக் கல். மூலைகளுக்கும் சன்னல் விளிம்புகளுக்கும் மட்டும் செதுக்கிய கல் வைத்திருக்கிறார்கள், சிக்கிமுக்கியில் நேரான முனை எடுப்பது கடினம் என்பதால். பெயர்ப் பிழைதானே என்று விட முடியவில்லை. கல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் பராமரிப்பும் தவறாகிவிடும்.

ஆயர் வில்லியம் ஆஃப் விக்கம் 1382இல் நிறுவிய பள்ளி அது. 1387இல் கட்டத் தொடங்கி, 1394இல் மாணவர்கள் குடிபுகுந்தார்கள். கட்டியவர் வில்லியம் வின்ஃபோர்ட்; மரவேலை ஹியூ ஹெர்லாண்ட். தேவாலயத்தின் விசிறி வளைவுக் கூரை கல்லைப் போலத் தெரிந்தாலும் மரம்தான். முற்றத்தைச் சுற்றித் தரைத்தளத்தில் 6 அறைகள், அவற்றில் 70 மாணவர்கள். ஆசிரியர் முதலான பெரியவர்கள் மேல்தளத்தில். அறைக்கு மூன்று மூத்த மாணவர்களாவது மற்றவர்களைக் கவனிக்க வேண்டும் என்பது நிறுவனர் எழுதிய விதி. அறைகளின் எண்ணிக்கையும் கண்காணிப்பும் சேர்த்தே திட்டமிடப்பட்டவை. கட்டுரை இதைத் தொடவே இல்லை.

இனி சுவர். சிக்கிமுக்கிக் கல் தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. செங்கல்லைப் போலச் சாந்தின் ஈரத்தை இழுத்துக்கொள்ளாததால், ஒரே நாளில் உயரமாக எழுப்பினால் சாந்து இறுகுமுன் கற்கள் நழுவிப் பிதுங்கிவிடும். சில வரிசை வைத்து, இறுகவிட்டு, பிறகுதான் மேலே போக வேண்டும். சுவருக்குள் புகுந்த ஈரம் வெளியேறவும் இடுக்குகளில் உள்ள சுண்ணாம்புச் சாந்துதான் வழி. அந்த வழியைச் சிமென்டால் அடைத்தால், மயிரிழை வெடிப்பில் நுழையும் மழைநீர் உள்ளேயே தங்கும். உறைபனியில் அது பனிக்கட்டியாகிப் பருக்கும்போது சிமென்ட் பாளமும் அதோடு கற்களும் பெயர்ந்து விழும். நம் ஊர்ச் செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்புச் சுவர்மேல் சிமென்ட் பூசினால் உப்புப் பூத்துப் பொரிந்து உதிர்வதும் ஈரம் சிறைப்படுவதால்தான். இங்கே வேலையைக் கெடுப்பது உப்பு, அங்கே பனி.

பழுது பார்க்கும் முறை கடினமானதல்ல, பொறுமைதான் வேண்டும். நைந்த சாந்தைக் கை உளியால், இடுக்கின் அகலத்தைப் போல இரு மடங்கு ஆழத்துக்கு, குறைந்தது 25 மி.மீ., சுரண்டி எடுக்க வேண்டும். இயந்திர அறுப்பான் கல்லின் ஓரத்தைச் சிதைக்கும். தூசியைத் துலக்கி நனைத்து, நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கூர்மணல் (துகள்கள் கூராக உள்ள மணல்) மூன்று பங்கு கலந்து அழுத்தி நிரப்ப வேண்டும். கல்லின் முகத்தில் சாந்தை வழியவிடக் கூடாது. பிறகு ஈரச் சாக்கால் மூடி, காய்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே இறங்கும் நாட்களில் இந்த வேலையைத் தொடவே கூடாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் மெல்ல இறுகும். அதற்குள் பனி பிடித்தால் பொடியாகிவிடும்.

அந்தப் படத்தை மறுபடி வெளியிடுவதானால் கல்லின் பெயரைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழங்கட்டடப் பராமரிப்புப் பொறியாளர்,
காரைக்குடி.