ஆண்டறிக்கை: நம் புல்மேட்டின் ஈரம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் கூடியிருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் நாம் எடுத்த பெரிய முடிவு, ஊர் மேய்ச்சல் புல்வெளியின் மண் ஈரத்தை மாதந்தோறும் அளப்பது. இந்த அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதே. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

முறை எளிது. மேல்மண்ணை எடுத்து, காற்றுப் புகாமல் பையில் கட்டி எடை போடுகிறோம். பிறகு 105 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் முழுக்க உலர்த்தி மறுபடி எடை. குறைந்த எடைதான் நீர்; காய்ந்த மண்ணின் எடையில் அது எத்தனை சதவீதம் என்று பார்க்கிறோம். முதல் மாதம் வேறு வழியில்லாமல் வர்க்கி சுடும் அடுப்பில் தட்டுகளை வைத்தோம். திறந்ததும் கருகிய வாடை அடித்தது. நம் கறுப்பு மண்ணில் மக்கு, அதாவது மட்கிய புல்லும் வேரும், அதிகம். சூடு மிஞ்சினால் நீரோடு மக்கும் எரிந்து, ஈரம் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். அந்த மாதக் கணக்கை முழுதும் தள்ளிவிட்டோம். அந்தத் தவறு என்னுடையது. இப்போது கடனாகக் கிடைத்த ஆய்வக அடுப்பில் உலர்த்துகிறோம்.

ஒரே சரிவில் முகடு, நடுச்சரிவு, அடிப்பள்ளம் என மூன்று இடங்கள். பிப்ரவரியில் முகட்டு மண்ணைக் கையில் எடுத்தால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. நூறடி இறங்கிப் பள்ளத்தில் கால் வைத்தால் தடத்தில் நீர் ஊறி நின்றது. இரண்டுக்கும் மேலே பெய்தது ஒரே மழைதான். முகட்டில் மண் ஆழம் குறைவு, காற்று அடித்துக்கொண்டே இருக்கிறது. விழுந்த நீர் சரிவின் உள்ளே மெல்ல இறங்கிப் பள்ளத்தில் சேர்கிறது. சதுப்பில் எடுத்த மண்ணின் ஈரம் 100 சதவீதத்தைத் தாண்டியதும், கணக்கு தவறோ என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். தவறில்லை. அந்த மண் தன் காய்ந்த எடையைவிட அதிக நீரைப் பிடித்து வைக்கிறது. தோடர்கள் தம் கோயில் கூரைக்கு வேயும் புல் வளர்வதும் இப்படிப்பட்ட சதுப்பில்தான்.

சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதும் முக்கியம். கோடைக்கு முந்தைய மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் தெற்குச் சரிவு முதலில் காய்கிறது. மலையின் மேற்குப்புறமும் கிழக்குப்புறமும்கூட ஒன்றல்ல. 2019 ஆகஸ்டில் நம் நீலகிரியின் மேற்குப்புறத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். தென்மேற்குப் பருவமழையின் அடி முழுவதையும் வாங்குவது அந்த மேற்குப் பக்கம். கிழக்குச் சரிவுகள் ஐப்பசி மழைக்குக் காத்திருப்பவை. ஆகவே நம் சரிவில் கண்டதை மலை முழுவதற்கும் பொருத்திப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மரம் நடுவது குறித்துச் செயற்குழுவில் காரசாரமாகவே பேசினோம். நன்கொடையாக வந்த மரக்கன்றுகளைப் புல்மேட்டில் நட மறுத்தோம். சிலருக்கு வருத்தம் இருப்பதை அறிவேன். ஆனால் உதகையிலுள்ள மண், நீர்வள ஆராய்ச்சி நிலையத்தார் கிளன்மார்கனில் அருகருகே இருந்த இரண்டு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றதில் 1972-இல் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டு ஒப்பிட்டார்கள். முதல் பத்தாண்டில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் துளிர்த்த இரண்டாம் சுற்றில் 25 சதவீதம். மழையில்லா மாதங்களிலும் அந்த மரம் ஆழத்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. புல் அப்போது காய்ந்து ஓய்ந்துவிடும். நீர் மண்ணில் தங்கி ஊற்றாக வெளிவரும். நம் ஊர்க் குடிநீர் அந்த ஊற்றுதான்.

சீகை (வாட்டில் எனும் அயல்நாட்டு மரம்) அகற்றிய இடத்தில் புல் நட்டதில் பாதி வெற்றி. ஜனவரியில் முகட்டில் நட்ட கொத்துகள் பெரும்பாலும் காய்ந்தன. ஜூன் மழை பிடித்தபின் நடுச்சரிவில் நட்டவை வேர்பிடித்து நிற்கின்றன. இனி மண்ணின் ஈரம் பார்த்தே இடமும் நாளும் குறிப்போம்.

வரும் ஆண்டில் சீகை நிற்கும் பக்கத்துச் சரிவிலும் அளக்க எண்ணியுள்ளோம். மண் எடுக்க இன்னும் நான்கு பேர் வேண்டும். அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஊற்றடியில் கூடுகிறோம். பள்ளத்தில் நீர்ப்பனி இருக்கும். ரப்பர் பூட்ஸ் போட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்