சாசெபோவிலிருந்து அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். இந்த மாதக் காசு திங்கட்கிழமை போடுகிறேன், அம்மாவின் முழங்காலைத் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

ஜப்பானில் ஒரு ஒல்லாந்து ஊரையே கட்டி வைத்திருக்கிறார்களாமே, அந்தப் பொய் ஊருக்கு இன்னும் சனம் போகுதா என்று போனில் கேட்டீர்களே. போன செவ்வாய் நானே போய்விட்டு வந்தேன். ஹவுஸ் டென் போஸ் என்று பெயர், 1992இல் திறந்தது. நம் இலங்கையில் காலி நகரத்துக் கோட்டையைப் பிடித்த அதே ஒல்லாந்தர்தான் இந்த நாகசாகிப் பக்கம் 200 வருடத்துக்கு மேல் வியாபாரம் செய்திருக்கிறார்கள், அந்த உறவில் கட்டியது.

எங்கள் முதியோர் இல்லத்துக்காரர்களை வேனில் கூட்டிப் போனோம். என் பொறுப்பில் 88 வயதுப் பாட்டி. தெருவெல்லாம் செங்கல் பாவியிருக்கிறது, பார்க்க அழகுதான், ஆனால் சக்கர நாற்காலியின் முன்சக்கரம் நாலு கல்லுக்கு ஒரு தரம் இடுக்கில் மாட்டும், கைப்பிடியை அமுக்கி அமுக்கி என் மணிக்கட்டு வீங்கிவிட்டது. பாட்டிக்கோ ஒரே சிரிப்பு. திறந்த புதிதில் புருஷனோடு நல்ல உடுப்பெல்லாம் போட்டுக்கொண்டு வந்து, காற்றாலை முன்னால் படம் எடுத்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் காட்டினாராம். இப்போது பேரன் நிஜ ஒல்லாந்துக்கே போய் சீஸ் வாங்கி வருகிறான், ஒரே உப்பு என்கிறார்.

விஷயம் அதுதான் அண்ணா. 2003இல் கடனில் மூழ்கி, 2010இல் ஒரு பயண நிறுவனம் எடுத்து, இரவில் ஊர் முழுக்க விளக்கைப் போட்டுத்தான் நிமிர்த்தியிருக்கிறது. கூட்டம் இருக்கிறது, ஆனால் டியூலிப்புக்கும் விளக்குக்கும் வருகிற கூட்டம். ஒல்லாந்து பின்னால் கட்டிய திரைச்சீலை மாதிரி.

எனக்கு நுவரெலியாதான் ஞாபகம் வந்தது. வெள்ளைக்காரன் தன் ஊர் ஏக்கத்துக்குக் கட்டியதுதானே அந்தச் சிவப்புக் கல் போஸ்டாபிசும் குதிரைப் பந்தயத் திடலும். சீசனுக்குக் கொழும்பிலிருந்து வருகிறவர்கள் இங்கிலாந்தையா நினைக்கிறார்கள்? குளிரும், ஸ்வெட்டர் போட ஒரு சாக்கும் போதும்.

ஒன்று மட்டும் உறுத்தியது. இங்கே ஒல்லாந்துப் பாவாடையில் பூ விற்ற பிள்ளை, வேலை முடிந்ததும் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள். நம் அம்மா கொழுந்துக் கூடையோடு தேயிலை மலையில் நின்றது வேஷமில்லையே, கிலோக் கணக்கு முடியாவிட்டால் அரைப் பேர் போட்டு அரைநாள் சம்பளம்தான் தருவார்கள். உங்கள் சுற்றுலா வேனிலிருந்து இறங்கிக் கேமராவை நீட்டுகிறவர்களிடம், முதலில் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.

பாட்டிக்கு போஸ்டாபிஸ் படத்தைக் காட்டினேன், "இங்கிலாந்தா?" என்றார். எங்கள் ஊர் என்றதும், அப்படியானால் தேயிலை எங்கே என்கிறார். அரைக் கிலோ பி.ஓ.பி. இலைத் தேயிலை அனுப்புங்கள். டஸ்ட் வேண்டாம், அவர் பால் ஊற்றாமல் குடிப்பவர்.

அன்புடன்,
தங்கச்சி