பில் எங்கேயும் போகவில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மாங்காய் சீசன் மும்முரத்தில் உங்களைத் தொந்தரவு செய்ய மனமில்லை. ஆனால் மண்டிக்காரர்களின் வாட்ஸப் குழுவில் கிளம்பிய ஒரு குரல் பதிவு, காவேரிப்பட்டணம் தாண்டி பர்கூர் ஜவுளிக்கடைகள் வரை போய்விட்டதாம். "புது வெர்ஷன் போட்டு பில்லையெல்லாம் ஒளித்து வைத்துவிட்டார்கள், எடுத்துத் தரக் காசு கேட்பார்கள்" என்கிறது அது. சாஃப்ட்வேர் மெதுவாக ஓடுகிறது என்று திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறோம். ஒளித்து வைத்தோம் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. எங்கள் பில் போடும் சாஃப்ட்வேரின் புது வெர்ஷனில் உங்கள் கணக்கை வேறு ஃபோல்டருக்கு மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான். ஏன் என்று சொல்கிறோம்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் சாஃப்ட்வேர் இருக்கும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரிலேயே கணக்கும் இருந்தது. 2007-ல் விண்டோஸ் விஸ்டா வந்தபின் அட்மின் அனுமதி இல்லாமல் அங்கே எழுத முடியாது. பழைய சாஃப்ட்வேர் எழுதப் பார்த்தால், விண்டோஸ் சத்தமில்லாமல் அதை விர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்துக்குத் திருப்பிவிடும். அது ஆளுக்கொன்று. கணக்குப்பிள்ளை தன் லாகினில் காலையில் போட்ட பில், முதலாளி லாகினில் மாலையில் இருக்காது. இந்தக் கூத்துக்காக ராத்திரியில் எத்தனை பேர் போன் செய்திருக்கிறீர்கள்!

சரி, விண்டோஸின் ஆப்டேட்டா ஃபோல்டரில் வைக்கலாமே என்றால் அதுவும் ஆளுக்கொன்றுதான். டாக்குமெண்ட்ஸில் வைக்கச் சொன்னார்கள் சிலர். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்ததும் பலர் புது கம்ப்யூட்டர் வாங்கினீர்கள். அவற்றில் பலவற்றில் டாக்குமெண்ட்ஸ், மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவோடு சேர்ந்துகொள்கிறது. பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த ஃபைலை இணையத்துக்கு ஏற்றப் பார்க்கும். இலவச இடமோ 5 ஜிபி. உங்கள் கணக்கு கடையை விட்டு வெளியே போவதில் எங்களுக்குச் சம்மதமில்லை.

அதனால்தான் சி டிரைவில் இருக்கும் புரோகிராம்டேட்டா என்ற பொது ஃபோல்டரில் வைத்தோம். யார் லாகின் செய்தாலும் ஒரே கணக்கு. ஒருவர் உண்டாக்கிய ஃபைலை இன்னொருவர் திருத்த விண்டோஸ் தானாக விடாது; அந்த அனுமதியை இன்ஸ்டால் ஆகும்போதே எங்கள் ஃபோல்டருக்குக் கொடுத்துவிடுகிறோம். புரோகிராம்டேட்டா கண்ணில் படாமல் இருப்பது மைக்ரோசாஃப்ட் வைத்த வழக்கம், நாங்கள் வைத்ததல்ல. விண்டோஸ் 11-ல் ஃபைல் எக்ஸ்புளோரரைத் திறந்து வியூ, ஷோ, ஹிடன் ஐட்டம்ஸ் என்று தட்டினால் வந்து நிற்கும். குரல் பதிவு போட்ட அண்ணன் கடைக்கு நம் பையன் போய் அப்படித்தான் காட்டினான். முந்தின நாள் கூழ் ஃபேக்டரிக்குப் போன பெங்களூரா மாங்காய் லோடு பில் வரை அத்தனையும் இருந்தது. ஒரு ரூபாய் வாங்கவில்லை. அது மட்டும் குழுவில் வரவில்லை.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் காலத்திலிருந்து கூட நிற்கும் தர்மபுரி புளி மண்டிக்காரர்களும் ராயக்கோட்டை தக்காளி மண்டிக்காரர்களும் அந்தக் குழுவிலேயே எங்களுக்காகப் பேசினீர்கள். அதை மறக்க மாட்டோம், ரொம்ப நன்றி.

அப்புறம், பென் டிரைவில் பழைய ஃபோல்டரைக் காப்பி எடுப்பவர்கள் இனி புது ஃபோல்டரை எடுக்கவும், பழையதில் புது பில்கள் இருக்காது. போனிலேயே சொல்லித் தருகிறோம். நேரில் வர வேண்டுமென்றால் பெட்ரோலுக்கு 200 ரூபாய்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
கிருஷ்ணகிரி