குதிரை ஜெயிச்ச காசும் பத்திரம் வித்த காசும்: பரோன் ஹிர்ஷுக்கு ஒரு கடிதம்

பரோன் மோரிஸ் தி ஹிர்ஷ் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க பேர் எனக்கு முதல்ல தெரிஞ்சது உங்க பேங்க் மூலமாவோ ரயில் மூலமாவோ இல்ல, லா ஃப்ளெஷ்ங்கற உங்க ரேஸ் குதிரை மூலமாத்தான். பழைய இங்கிலீஷ் ரேஸ் ரிசல்ட்டுகளை எடுத்துப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு, அதுல 1892க்கு வந்தா திரும்புற பக்கமெல்லாம் உங்க குதிரைதான் நிக்குது. ஆயிரம் கின்னி ரேஸ், ஓக்ஸ், செயின்ட் லெஜர், அப்புறம் சீசன் முடியுற நேரத்துல கேம்பிரிட்ஜ்ஷயர், எல்லாம் ஒரே வருஷத்துல, ஒரே பெட்டைக் குதிரை. யாருப்பா இந்த ஓனர்னு தேடிப் போனேன், போனா கான்ஸ்டான்டினோபிள் (இன்னைக்கு இஸ்தான்புல்) வரைக்கும், அங்கிருந்து அர்ஜென்டினா வரைக்கும் இழுத்துட்டுப் போயிட்டீங்க. இதைப் படிக்கிறவங்க பலருக்கு நீங்க புதுசா இருப்பீங்க, அதனால உங்களுக்குத் தெரிஞ்ச உங்க கதையையே உங்ககிட்ட கொஞ்சம் சொல்லப் போறேன், பொறுத்துக்கோங்க.

1890ல ஹாம்ப்டன் கோர்ட்ல விக்டோரியா மகாராணியோட பண்ணைக் குட்டிகள் ஏலத்துக்கு வந்துச்சு. செயின்ட் சைமனுக்கும் க்விவருக்கும் பொறந்த ஒரு வயசுக் குட்டிக்கு உங்க சார்பா லார்ட் மார்கஸ் பெரெஸ்ஃபோர்ட் 5,500 கின்னி (ஒரு கின்னி ஒரு பவுண்டுக்குக் கொஞ்சம் மேல) வரைக்கும் ஏலம் கேட்டு வாங்கினார், அதுக்கு முன்னாடி ஒரு வயசுக் குட்டிக்கு யாரும் அவ்வளவு குடுத்ததே இல்ல. அவளோட கூடப்பொறந்த அக்கா மெமோயர் அதே வருஷம் ஓக்ஸும் லெஜரும் ஜெயிச்சவ. ஆனா அக்கா ஜெயிச்சா தங்கச்சியும் ஜெயிப்பான்னு ரேஸ்ல எந்த கேரண்டியும் கிடையாது, தெரிஞ்சேதான் குடுத்தீங்க.

டெர்பி பத்திதான் எனக்கு இன்னும் ஆறல. லா ஃப்ளெஷ்தான் ஃபேவரைட், ஜாக்கி ஜார்ஜ் பாரெட் அவளை ரொம்பப் பின்னாடி வச்சே ஓட்டிட்டார், கடைசியில பறந்து வந்தும் சர் ஹ்யூகோங்கற குதிரைகிட்ட முக்கால் லெங்த்ல (ஒரு லெங்த்னா ஒரு குதிரையோட நீளம்) தோத்துட்டா. சர் ஹ்யூகோ யாரு, ஜெயிக்கும்னு யாரும் எதிர்பார்க்காம 40க்கு 1 பந்தய விலையில நின்ன குதிரை! அன்னைக்குப் பார்த்த பலரும் ஜாக்கியைத்தான் குறை சொன்னாங்க, நானும் அவங்க பக்கம்தான். இதுல பெரிய விஷயம் என்னன்னா ரெண்டே நாள்ல டெர்பி நடந்த அதே எப்சம்ல திரும்ப ஓடி ஓக்ஸை ஷார்ட் ஹெட்ல, அதாவது ஒரு தலை நீளம் கூட இல்லாத வித்தியாசத்துல, ஜெயிச்சா. மூணு வயசுப் பெட்டைக் குதிரை, அப்படி ஒரு தோல்விக்கு அப்புறம், ஒன்றரை மைல் மறுபடியும். அப்புறம் செப்டம்பர்ல டான்காஸ்டர்ல அதே சர் ஹ்யூகோவைப் பின்னாடி தள்ளிட்டு லெஜரை எடுத்தா. அந்த சீசன் முடிஞ்சதும் நீங்களும் வேல்ஸ் இளவரசரும் சேர்ந்தே குதிரைகளை கிங்ஸ்கிளேர்ல இருந்த பயிற்சியாளர் ஜான் போர்ட்டர்கிட்ட இருந்து நியூமார்க்கெட்ல ரிச்சர்ட் மார்ஷ்கிட்ட மாத்தினீங்க, 1894ல அங்கிருந்து போய் ஆஸ்காட் கோல்ட் கப்பையும் ஜெயிச்சா.

என் குதிரைங்க தர்மத்துக்காக ஓடுதுங்கன்னு நீங்க சொல்வீங்கன்னு எழுதி வச்சிருக்காங்க. சும்மா சொன்னதில்ல, ஜெயிச்ச பணத்தை லண்டன் ஆஸ்பத்திரிகளுக்குக் குடுத்தீங்க. இங்கிலாந்துல சாதாரண ஜனங்க உங்களை ஞாபகம் வச்சிருந்தது இதுக்காகத்தான்.

ஆனா ஐயா, அந்த குதிரையை வாங்கின பணம் எங்கிருந்து வந்துச்சுங்கறதுதான் நான் உங்ககிட்ட பேச வந்த விஷயம்.

1831ல ம்யூனிக்ல பொறந்தீங்க. தாத்தா யாக்கோப், பவேரியாவுல சொந்தமா நிலம் வாங்க முடிஞ்ச முதல் யூதர்கள்ல ஒருத்தர், அப்பா அரச குடும்பத்துக்கு பேங்கர். 1855ல கிளாரா பிஷோஃப்ஷைமைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு பெல்ஜியத்தோட பெரிய பேங்க் குடும்பத்துக்குள்ள போனீங்க. இது வரைக்கும் பணக்கார வீட்டுப் பையன் கதை, விட்டுடலாம். 1869ல தான் உங்க சொந்தக் கதை ஆரம்பிக்குது, அந்த வருஷம் ஒட்டோமன் (அதாவது துருக்கிப் பேரரசு) அரசாங்கம் ஐரோப்பாவையும் கான்ஸ்டான்டினோபிளையும் இணைக்கிற ரயில் போட உங்களுக்கு உரிமை குடுத்துச்சு. மலை, சதுப்பு, காய்ச்சல், கஜானா காலியான ஒரு அரசாங்கம், இதுல கை வைக்க பெரிய பேங்குகளே யோசிச்ச நேரத்துல நீங்க இறங்கினீங்க.

பணம் திரட்ட நீங்க கண்டுபிடிச்ச வழி தான் துருக்கி லாட்டரிப் பத்திரம். ஒண்ணு 400 ஃப்ராங்க் முகமதிப்பு, 3 சதவீதம் வட்டி, கூடவே குலுக்கல்ல பரிசு. மொத்தம் 19,80,000 பத்திரம், கணக்குப் போட்டா 79 கோடியே 20 லட்சம் ஃப்ராங்க். முகமதிப்பை விட ரொம்பக் கம்மி விலைக்குத்தான் மார்க்கெட்டுக்கு வந்துச்சு, அதனால வியன்னாவுலயும் ஜெர்மன் ஊர்கள்லயும் சின்னச் சின்ன சேமிப்புக்காரங்க கூட வாங்கினாங்க. அரசாங்கத்துகிட்ட இருந்து ஒரு விலைக்கு எடுத்து, ஜனங்களுக்கு அதை விட அதிக விலைக்குப் போச்சு, நடுவுல இருந்த வித்தியாசம் தான் உங்க சொத்தோட அஸ்திவாரம். தண்டவாளத்துக்குக் காசு கிலோமீட்டர் கணக்குல வர்றதால பாதையை வளைச்சு வளைச்சுப் போட்டீங்கன்னு அப்பவே ஒரு குற்றச்சாட்டு இருந்துச்சு. மலையைச் சுத்திப் போறது குடைஞ்சு போறதை விட செலவு கம்மின்னு உங்க எஞ்சினியர்கள் பக்கத்துலயும் ஒரு நியாயம் இருந்திருக்கும், அதனால அந்த குற்றச்சாட்டை நான் பெருசா எடுத்துக்கல.

ரயில் வந்துச்சுங்கறதை யாரும் மறுக்க முடியாது. 1873ல கான்ஸ்டான்டினோபிள்ல இருந்து எடிர்னே வழியா பெலோவா வரைக்கும் வண்டி ஓடுச்சு, அடுத்த வருஷம் சலோனிக்கால இருந்து மிட்ரோவிட்சா வரைக்கும் இன்னொரு லைன். ஆனா பெலோவால தண்டவாளம் பல்கேரியா மலை அடிவாரத்துல அப்படியே நின்னுடுச்சு, போரும் புது எல்லைகளும் வந்து 1888 ஆகஸ்ட்ல தான் வியன்னாவுல இருந்து வண்டி மாறாம கான்ஸ்டான்டினோபிள் போக முடிஞ்சுது. ரெண்டு வருஷம் கழிச்சு உங்க பங்குகளை டாய்ச்ச பேங்க் கூட்டணிக்கு வித்துட்டு ரயில் தொழில்ல இருந்தே வெளிய வந்துட்டீங்க.

இதுக்கு நடுவுல 1875 அக்டோபர்ல ஒட்டோமன் அரசாங்கம் கடனுக்கு வட்டி குடுக்க முடியலன்னு கைவிரிச்சுது. பத்திரத்தோட விலை கீழ போச்சு. 1881ல கடனையெல்லாம் குறைச்சு ஒரு ஏற்பாடு வந்தப்போ இந்தப் பத்திரக்காரங்களுக்கும் ஏதோ கொஞ்சம் கிடைச்சுது, அவ்வளவுதான். வட்டி நிறுத்தினது நீங்க இல்ல, சரிதான். ஆனா பத்திரம் வித்த லாபத்தை நீங்க எடுத்ததுக்கு அப்புறம் தான் அவங்க கையில அந்தக் காகிதம் நின்னுச்சு.

1887ல உங்க ஒரே பையன் லூசியன் முப்பதைத் தாண்டின கொஞ்ச நாள்லயே போயிட்டார். பழைய கிரேக்க நாணயங்களை உயிரா சேர்த்து வச்ச பையன். ஆறுதல் சொன்னவங்களுக்கு நீங்க எழுதின பதில் எனக்கு மனப்பாடம்: பையனை இழந்தேன், வாரிசை இழக்கல, மனுஷ குலம்தான் என் வாரிசு. பெத்த பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு மனுஷன் பேனா எடுத்து இப்படி எழுதுறதுன்னா எப்படி இருந்திருக்கணும்னு பல தடவை யோசிச்சிருக்கேன்.

அதுக்கப்புறம் நீங்க செஞ்சதைப் பார்த்தா இது வார்த்தை மட்டும் இல்லன்னு புரியுது. ரஷ்யாவுல யூதர்களுக்குப் பள்ளிக்கூடம், தொழிற்பயிற்சிக்கு 5 கோடி ஃப்ராங்க் குடுக்கறேன்னு அரசாங்கத்துகிட்டயே சொன்னீங்க, பணத்தை எப்படி செலவு பண்றதுங்கறதை அவங்களே முடிவு பண்ணணும்னதால விலகிட்டீங்க. ரொம்ப சரியான முடிவு. ஆஸ்திரியப் பேரரசோட கிழக்கு மாகாணங்களான காலீஷியாவுக்கும் புக்கோவினாவுக்கும் பள்ளிகளுக்காக 1 கோடியே 20 லட்சம் ஃப்ராங்க் ஒதுக்கினீங்க. 1891ல யூதக் குடியேற்றச் சங்கத்தை 20 லட்சம் பவுண்டு மூலதனத்துல ஆரம்பிச்சீங்க, கிட்டத்தட்ட எல்லாப் பங்கும் உங்க பேர்ல. அதே வருஷம் நியூயார்க்ல 24 லட்சம் டாலர்ல ஒரு நிதி. கையில காசைக் குடுத்துப் பழக்கினா பிச்சைக்காரங்கதான் கூடுவாங்க, உழைக்கிற மனுஷனை உழைக்க வைக்கிறதுதான் தர்மம்னு அமெரிக்கப் பத்திரிகையில எழுதினீங்க. ஆனா அந்தச் சங்கம் அர்ஜென்டினால குடியேத்தின யூதர்களுக்கு நிலத்தை உடனே சொந்தமா எழுதிக் குடுக்காம தவணை கட்டி முடிச்சாதான் பட்டான்னு நீங்க வச்சது, வெட்டுக்கிளியும் வறட்சியும் வந்து பயிர் போன வருஷங்கள்ல அந்த ஜனங்களை ரொம்ப வாட்டிடுச்சு, உங்க அதிகாரிகளோட கெடுபிடி வேற. 1891 டிசம்பர்ல பாம்பாங்கற கப்பல்ல சுமார் 800 பேர் ப்யூனஸ் அயர்ஸ்ல வந்து இறங்கினாங்க. 25 வருஷத்துல முப்பது லட்சத்துக்கும் மேல ஜனங்களை ரஷ்யாவுல இருந்து கொண்டு வரணும்னு திட்டம் போட்டீங்க, நீங்க இருந்த வரைக்கும் வந்து சேர்ந்தது சில ஆயிரம் பேர்தான். இன்னைக்கும் எனக்கு அது தோல்வியாத் தெரியல. அந்த சில ஆயிரம் குடும்பத்தோட பேரப்பிள்ளைங்க அர்ஜென்டினால டாக்டரா, விவசாயியா, வாத்தியாரா வளர்ந்தாங்க. மொரிசியோ, கிளாரா, லூசியன்வில்னு மூணு குடியேற்றத்துக்கு உங்க மூணு பேரோட பேரும் வச்சிருக்காங்க.

1895 ஜூன் 2ம் தேதி பாரிஸ்ல உங்க வீட்டுக்கு ஹெர்ஸல்னு ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். நீங்க தர்மம் குடுத்து குடுத்து பிச்சைக்காரங்களைத்தான் வளர்க்கறீங்கன்னு உங்க முகத்துக்கு நேராவே சொன்னார், எதை எதிர்த்து எழுதினீங்களோ அதையே உங்க மேல போட்டார். அவருக்கு வேண்டியது யூதர்களுக்குன்னு ஒரு நாடு, உங்களுக்கு வேண்டியது ஏர் பிடிக்கிற கை. அடுத்த ஏப்ரல்லயே ஹங்கேரி எஸ்டேட்ல நீங்க திடீர்னு போயிட்டீங்க, அந்தப் பேச்சு பாதியில நின்னுடுச்சு. இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தா ரெண்டு பேரும் எங்க போய் முடிச்சிருப்பீங்கன்னு தெரிஞ்சுக்க அவ்வளவு ஆசை எனக்கு.

உங்களுக்கு அப்புறம் லா ஃப்ளெஷை ஏலம் விட்டாங்க, சர் டாட்டன் சைக்ஸ் 12,600 கின்னிக்கு எடுத்தார். குட்டியா வாங்கினதை விட ரெண்டு மடங்குக்கு மேல, அதுவும் ஓடி முடிச்ச குதிரைக்கு! அவ பெத்த ஜான் ஓ காண்ட் 1904 டெர்பில ரெண்டாவதா வந்தான், அம்மா மாதிரியே.

இப்ப கேட்டுடறேன். நீங்க குடுத்ததையெல்லாம் தேடிப் படிக்க முடியுது, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நிலம், கப்பல் எல்லாத்துக்கும் கணக்கு இருக்கு. துருக்கிப் பத்திரம் வாங்கி நஷ்டப்பட்ட வியன்னா தையற்காரர், கடை வச்சிருந்த விதவை, இவங்களுக்குன்னு ஒரு நிதி வைக்கணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா? அதைச் செய்ய உங்ககிட்ட பணம் இருந்துச்சு, மனசும் இருந்துச்சுன்னு நான் நிஜமாவே நம்பறேன், அதனால தான் கேக்கறேன், அந்த மனசு இல்லாத மனுஷன்கிட்ட இதைக் கேட்டு என்ன பிரயோஜனம்.

கிளாரா அம்மாவுக்குத் தனியா எழுதணும். நீங்க போனதுக்கு அப்புறம் மூணே வருஷம் தான் இருந்தாங்க, அதுக்குள்ள நியூயார்க்ல வேலைக்குப் போற பொண்ணுங்களுக்கு ஒரு விடுதி, லூசியனோட நாணயங்கள் பிரஸ்ஸல்ஸ் அரச நூலகத்துக்குன்னு எவ்வளவோ செஞ்சாங்க. அவங்ககிட்ட பத்திரம் பத்திக் கேக்க மாட்டேன். அது உங்ககிட்ட கேக்க வேண்டியது, கேட்டுட்டேன்.

அன்போடயும் மரியாதையோடயும்,
உங்க குதிரைகளைப் பத்திப் படிச்சு உங்களைத் தேடி வந்த ஒருத்தன்